தம்பி வருகிற கட்டுரைகள்

கட்டுரைப் பாட வேளையில் நான் பலகை அருகில் நிற்பதில்லை. வகுப்பின் பின்பக்கம், ஜன்னலையொட்டி ஒரு சின்ன மேசை போட்டு வைத்திருக்கிறேன். மற்ற பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொருவராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, தான் எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும். நான் கேள்வி கேட்பேன். அவ்வளவுதான்.

தைப்பிங் நகரிலிருந்து மாற்றலாகி மலைமேல் இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கு வந்த புதிதில் இதை ஆரம்பித்தேன். பிள்ளைகள் எல்லாரும் மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி, ‘கதிரவன் சுட்டெரித்துக்கொண்டிருந்தான்’ என்று எழுதுவார்கள். “இங்க எங்கய்யா சுட்டெரிக்குது?” என்று கேட்டால், “புக்குல அப்படித்தான் இருக்கு டீச்சர்” என்பார்கள். மெல்ல மெல்லத்தான் அவரவர் வீட்டுக் கோழியும், கோயில் திருவிழாவும், பிரிஞ்சாங் இரவுச் சந்தையும் கட்டுரைக்குள் வந்தன.

நான்காம் ஆண்டில் ஒரு சிறுமி இருந்தாள். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அம்மா கொழுந்து எடுப்பவர். ‘என் குடும்பம்’ என்ற தலைப்பில் அவள் எழுதியதை வாசித்தாள்: “எங்கள் வீட்டில் நான்கு பேர் இருக்கிறோம். என் தம்பி முதலாம் ஆண்டில் படிக்கிறான். அவனுக்குக் காரம் பிடிக்காது.”

முதலாம் ஆண்டு வகுப்பு பக்கத்து அறைதான். அங்கே அவள் தம்பி இல்லை. நான் வந்த முதல் வாரமே சக ஆசிரியர்கள் சொல்லியிருந்தார்கள். போன வருடக் கடைசி விடுமுறையில், ஒரு சனிக்கிழமை, முதலாம் ஆண்டில் சேர இருந்த பையனுக்கு மூச்சிழுப்பு அதிகமாகிவிட்டது. அப்பா காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். மலைக்கு வந்த சுற்றுலாக் கார்களால் ரோடு முழுக்க ஜேம். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் கேள்வி கேட்பதற்குள், எங்களுக்கு முன் மேசையிலிருந்த மாணவி திரும்பினாள். “டீச்சர், அவ பொய் எழுதுறா. அவ தம்பிதான் இல்லையே.”

“நீ உன் வேலையப் பாரும்மா” என்றேன். என் பக்கத்திலிருந்தவள் தலையைத் தூக்கவில்லை.

“காரம் பிடிக்காதுன்னா அவன் என்ன சாப்பிடுவான்?” என்று கேட்டேன்.

“முட்டை. கிச்சாப்பு ஊத்தி.”

“அதையும் எழுது.”

எழுதினாள். அதன்பின் எந்தத் தலைப்புக் கொடுத்தாலும் தம்பி வந்தான். சந்தையில் வேகவைத்த சோளம் கேட்டு அடம்பிடித்தான். திருவிழாவில் பலூன் வாங்கினான். முன்பல் விழுந்தது, அதைக் கூரைமேல் எறிந்தான். அவன் உயிரோடு இருந்தபோது அவனுக்குப் பல் விழுந்திருக்காது. இவள் அவனை வளர்த்துக்கொண்டிருந்தாள். அவள் முறையைத் தள்ளிப்போடத் தோன்றும். அதே சமயம், இந்த வாரம் அவன் என்ன செய்தான் என்று கேட்கும் ஆவலும் இருக்கும். அந்த ஆவல் எனக்கே பயமாக இருந்தது.

தலைமையாசிரியர் புத்தகங்களைப் பார்வையிட்டபோது கவனித்துவிட்டார். “இத வளர விடாதீங்க டீச்சர். எனக்கும் அந்தப் பையனத் தெரியும். வாசிக்க முடியல” என்றார். கண்டிப்பாகச் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்.

அந்த வாரமே அவள் அம்மா வந்தார். மலையிலிருந்து நேராக, பூட்ஸில் மண்ணோடு, வகுப்பு வாசலில் நின்றார். வகுப்புத் தோழிகள் வழியாக லைன் வீடுகளில் பேச்சாகியிருக்கிறது.

“எம் பொண்ணு என்னா எழுதுறா டீச்சர்?”

பிள்ளைகள் திடலில் இருந்தார்கள். சிறுமியைக் கூப்பிட்டு, “அம்மாகிட்ட காட்டலாமா?” என்று கேட்டேன். தலையாட்டிவிட்டு ஓடிப்போனாள். அம்மாவை அந்தச் சின்ன நாற்காலியில் உட்காரவைத்தேன். கை ஈரமாயிருக்கிறது, நீங்களே வாசியுங்கள் என்றார். வாசித்தேன். பல் விழுந்த இடம் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எந்தப் பல்லு? மேலயா, கீழயா?”

“எழுதலம்மா.”

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “நிறுத்தச் சொல்லுங்க டீச்சர். எனக்குக் கேக்கணும்போலதான் இருக்கு. ஆனா இவ அப்பா தாங்க மாட்டாரு. அன்னியிலேர்ந்து காடிச் சாவியக்கூடத் தொடுறதில்ல. வீட்ல அவன் பேரக்கூடச் சொல்றதில்ல நாங்க.”

சரி என்று சொன்னேன். எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் அவள் முறை வந்தபோது, வாசித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னேன்: “இதெல்லாம் நல்லாருக்கும்மா. ஒரு தடவ, தம்பியோட நீ நெசமா இருந்த ஒரு நாளப் பத்தி எழுதேன். முடிஞ்சுபோன நாளு. இறந்த காலத்துல வரும்.”

அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என் காதிலேயே கேட்டது. வருடக்கணக்காக இலக்கணம் நடத்துகிறேன். அதற்குள் இப்படியொரு சொல் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்ததே இல்லை.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். “அந்தப் பேரு எனக்கு வேணாம் டீச்சர்.”

“கடந்த காலம்னும் சொல்லலாம்.”

“கடந்ததுன்னா?”

“தாண்டிப் போனது.”

யோசித்தாள். வெளியே பனி இறங்கித் திடலை மூடியிருந்தது. பிறகு, எழுதாமல், பேச ஆரம்பித்தாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்.

“அன்னிக்கி ரோட்ல எதுவுமே தாண்டல டீச்சர். எல்லாக் காடியும் நின்னுச்சி. முன்னால உள்ள காடியில ஒரு பாப்பா எங்களுக்குக் கை காட்டுச்சி. தம்பி இப்படி இப்படி மூச்சு விட்டான். அப்பா எறங்கி ஜன்னலத் தட்டுனாரு. வழி விடுங்கன்னாரு. அவங்க எங்க வழி விடறது? அப்பறம் அப்பா தம்பியத் தூக்கிக்கிட்டு ஓடுனாரு. அம்மாவும் பின்னாலயே ஓடுனாங்க.”

“நீ?”

“நா காடியிலயே இருந்தேன். அப்பறம் முன்னால உள்ளதெல்லாம் நகந்துச்சி. எங்க காடி மட்டும் நின்னுச்சி. பின்னால ஒரே ஹார்ன். ஒரு அங்கிள் வந்து கண்ணாடியில தட்டி மலாய்ல ஏசுனாரு. எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு சொன்னேன்.”

அவ்வளவு நேரமும் அழாதவள், அதைச் சொன்னபோது அழுதாள். மேசைக்கு அடியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வகுப்பு எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. பொய் என்று சொன்ன அதே பெண் எழுந்து வந்து தன் தண்ணீர்ப் போத்தலை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

பெற்றோர் சந்திப்பு நாளில் அவள் அப்பா வந்தார். ஒல்லியான மனிதர், தொப்பியைக் கையில் சுருட்டி வைத்திருந்தார். மார்க்குகளைப் பார்த்தார், தலையாட்டினார். எழுந்திருப்பார் என்று நினைத்தேன். “அவ உங்ககிட்ட அன்னிக்கி நடந்தது சொன்னாளாமே” என்றார். பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தேன். “சொல்லுங்க டீச்சர்” என்றாள். “நீயே சொல்லும்மா” என்றேன்.

சொன்னாள். என்னிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக. ஹார்ன் அடித்ததும், அந்த ஆள் ஏசியதும் வந்தபோது அவர் நிமிர்ந்தார்.

“உன்னய ஏசுனானா?”

“ம்.”

“நா காடிய நடு ரோட்ல விட்டுட்டுப் போயிட்டேன்லா. உன்னயும்.” தொப்பியைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு மகளின் பள்ளிப் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, என்னிடம் விடைபெறாமலே நடந்தார். அவள் பின்னால் போனாள். அவர்கள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே சரிவில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன்பின் அவள் கட்டுரைகளில் தம்பி வரவில்லை. தலைமையாசிரியர் நிம்மதியானார். எனக்கு நிம்மதி இல்லை. அவள் எழுதுவது பாதியாகக் குறைந்துவிட்டது. கேள்வி கேட்டால் ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. சில வாரம் அவள் முறை வரும்போது, “இன்னிக்கி எழுதல டீச்சர், சும்மா உக்காரலாமா?” என்று கேட்பாள். உட்காருவோம். ஒரு பிள்ளையின் கையிலிருந்ததைப் பிடுங்கிவிட்டோமோ, இல்லை, கனமான ஒன்றை இறக்கிவைக்க உதவினோமோ? அந்த மேசையில் பல நாள் இதை எனக்குள் கேட்டிருக்கிறேன்.

அவள் அம்மாவை ஒரு காலையில் ரிங்லெட் போகும் வழியில் பார்த்தேன். மற்ற பெண்களோடு லோரிக்காக நின்றிருந்தார்.

“நேத்து அப்பாவும் மகளும் அவன் போட்டோவ எடுத்து வச்சிப் பேசிக்கிட்டு இருந்தாங்க டீச்சர். அப்பறம் ரெண்டு பேரும் ஒரே அழுகை. சோறு கூடத் திங்கல. நல்லதா கெட்டதா, ஒண்ணும் புரியல எனக்கு.”

“நீங்க என்ன செஞ்சீங்கம்மா?”

“நானும் போயி உக்காந்துக்கிட்டேன்” என்றார். லோரி வந்தது. கூடையை முதலில் மேலே கொடுத்துவிட்டு, ஒருத்தி நீட்டிய கையைப் பிடித்து ஏறிக்கொண்டார்.