காக்கைகள் மறக்காத ஹெல்மெட்

பறவைகளைப் பற்றிப் பேச யாராவது கூப்பிட்டால் போதும், அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய்விடுவேன். வேங்கிக்காலில் அரசு வேலை, வாடகை வீடு, கழுத்தில் ஒரு பைனாகுலர், இதுதான் நான். பள்ளிக்கூடங்களில் மற்ற பறவைகளை வேகமாக முடித்துவிட்டுக் காக்கைக்கு வருவேன். தனக்குத் தீங்கு செய்த முகத்தைக் காக்கை வருடக்கணக்கில் மறக்காது என்பேன். தான் மறக்காதது மட்டுமில்லை, கரைந்து கூட்டத்தைக் கூட்டி, நடந்ததைப் பார்க்காத காக்கைகளுக்கும் அந்த ஆளைக் காட்டிக்கொடுக்கும், அவையும் சேர்ந்து விரட்டும் என்பேன். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். அந்தப் பாடத்தை நான் எதற்குப் பயன்படுத்தினேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நாங்கள் மாடியில் இருந்தோம். கீழ்வீட்டில் ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், ஆறாவது படிக்கும் மகளோடு இருந்தாள். அவள் கணவர் அந்தத் தை மாதம்தான் மாரடைப்பில் போனார். காலையில் நெஞ்சு எரிகிறது என்றாராம். வாய்வாக இருக்கும் என்று ஓமத்தண்ணீர் கொடுத்துவிட்டு, இவள் மகளைப் பள்ளியில் விடப் போயிருக்கிறாள். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவருடைய ஸ்கூட்டர் மாடிப்படிக்குக் கீழே தார்ப்பாய் போர்த்தி நின்றது. பக்கத்தில் ஆணியில் அவருடைய சிவப்பு ஹெல்மெட் தொங்கியது.

சித்திரையில் வாசல் புங்கமரத்தில் காக்கை கூடு கட்டியது, மொட்டைமாடியிலிருந்து எட்டுகிற கிளையில். குஞ்சு பொரித்ததும், துணி காயப்போடப் போன என் மனைவியின் தலையில் கொத்தியது. அடுத்த நாள் என் தலையில். குஞ்சுகள் பறக்கிற வரைக்கும் பொறுத்துக்கொண்டால் தீர்ந்தது, மிஞ்சிப்போனால் சில வாரம். எனக்குத் தெரியாதா? ஆனால் மனைவி, "ஊருக்கெல்லாம் காக்கா கதை சொல்றீங்க, ஊட்டு காக்காகிட்ட கொட்டு வாங்கினு வர்றீங்க" என்று சிரித்துவிட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கோபத்தில் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. கோபத்தில் செய்கிறவன் இவ்வளவு யோசிக்க மாட்டான்.

முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால் முகம் தெரியக் கூடாது. என்னுடைய ஹெல்மெட்டை நான் தினமும் போடுகிறவன், அதைப் போட்டால் பிறகு எனக்குத்தான் ஆபத்து. மனைவி கோயிலுக்குப் போயிருந்த ஒரு காலையில், கீழ்வீடும் பூட்டியிருந்த நேரம் பார்த்து, ஆணியில் தொங்கியதை எடுத்து மாட்டிக்கொண்டேன். கண்ணாடியை இறக்கிவிட்டேன். இனிமேல் இதை யார் போடப்போகிறார்கள் என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. தொரட்டியால் கூட்டை இழுத்தேன். குச்சியும் கம்பியுமாகச் சரிந்தது. மூன்று குஞ்சுகள் சிமெண்ட் தரையில் விழுந்தன. ஒன்று மட்டும் கொஞ்ச நேரம் சிவந்த வாயைத் திறந்து திறந்து மூடியது.

தாய்க்காக்கை முதலில் தனியாகத்தான் கத்தியது. நான் படியிறங்குவதற்குள் செல்போன் டவரிலிருந்து நாலைந்து வந்தன, பிறகு பெரிய ரோட்டு மரங்களிலிருந்து, பிறகு எங்கிருந்து என்றே தெரியவில்லை. முப்பதுக்குக் குறையாது. மாடிக்கு மேல் வட்டமடித்துக் கரைந்தன. வகுப்பில் நான் எத்தனையோ முறை வர்ணித்த காட்சி, கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தேன். ஹெல்மெட்டைத் துடைத்து அதே ஆணியில் மாட்டினேன். காற்றில் கூடு விழுந்துவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன்.

மறுநாளிலிருந்து காக்கைகள் என்னை ஒன்றும் செய்யவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பள்ளி திறந்ததும் கீழ்வீட்டுப் பெண்ணுக்குக் கோயில் பக்கம் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை கிடைத்தது. கீழ்பென்னாத்தூரில் இருந்த மாமியாருக்கு அதில் சம்மதமில்லை. நிலத்தில் விளைவதை வைத்து அங்கேயே கஞ்சி குடிக்கலாம், வந்துவிடு என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவள் கேட்காமல் கணவரின் ஸ்கூட்டரை எடுத்து ஓட்டப் பழகினாள். முதல் நாள் வேலைக்குக் கிளம்பியவள் சிவப்பு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

நான் பால்கனியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு காக்கை கத்தியது, கூட்டம் சேர்ந்துவிட்டது. தெருமுனை வரை அவளை விடவில்லை, மாறி மாறி இறங்கி ஹெல்மெட்டில் அடித்தன. வண்டியைப் போட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடியிருக்க வேண்டியவன், உள்ளே போய் டிவியைப் போட்டேன்.

தினமும் நடந்தது. செத்தவர்தான் காக்கையாக வந்து கோபத்தைக் காட்டுகிறார் என்று தெரு முடிவு கட்டியது. சோறு வைக்கச் சொன்னார்கள். ஈரத்தலையோடு வந்து மதில்மேல் சோறு வைத்தாள். அவள் கைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டன. ஹெல்மெட் இல்லாத அவளோடு அவற்றுக்கு என்ன பகை? ஆனால் எதிர்வீட்டு அம்மா அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். "சோறு வெச்சா வாங்கிக்கிறாரு. வேலைக்கு கிளம்புனாதான் கொத்துறாரு. புரியலியா உனுக்கு?"

நான் ஒரு புது ஹெல்மெட் வாங்கிக்கொண்டு போய், பழையது விரிசல் விட்டிருக்கிறது என்று சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். வேண்டாங்க சார், இது அவரோடது, தலையில் இருந்தால் அவரே கூட வருகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். புதியதை அவள் வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேன். அதற்கு மேல் என்ன சொல்வது? சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

ஒரு மாதம் தாங்கினாள். பிறகு மாடிக்கு வந்து என் மனைவியிடம் வேலையை விடப்போவதாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மாமியார் வருகிறார், வீட்டைக் காலி செய்துகொண்டு கீழ்பென்னாத்தூர் போகிறோம், பாப்பாவை அங்கே சேர்த்துவிடலாம் என்றாள். "அவருக்கே புடிக்கலக்கா. நான் இன்னா பண்றது?" நான் பக்கத்து அறையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே வரியைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வந்ததும் கீழே இறங்கினேன். எதிர்வீட்டு அம்மாவும் இருந்தார். ஹெல்மெட்டை ஒரு நிமிடம் கேட்டு வாங்கி, போட்டுக்கொண்டு, தெருவில் நடந்தேன். பத்தடி போகவில்லை, வந்துவிட்டன. மண்டையில் சுத்தியால் தட்டுவது போல இருந்தது. தெருமுனை வரை போய்த் திரும்பினேன். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, கீழ்வீட்டுப் பெண்ணை வெறுந்தலையோடு அதே தூரம் நடக்கச் சொன்னேன். ஒரு காக்கைகூட அசையவில்லை.

மாமியார் ஹெல்மெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் ஏன் இந்த ஹெல்மெட்டை மட்டும் என்று கேட்டார். நல்ல கேள்வி. உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எதிரே நாலு பேர் நின்றார்கள். அதில் என் மனைவியும் ஒருத்தி.

"செவப்பு கலர் அதுங்களுக்கு ஆகாதுங்க," என்றேன்.

இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் அரை மணி நேரம் நக்கல் அடித்திருப்பேன். ஆனால் எல்லோரும் நம்பினார்கள். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார் மாமியார். அன்று சாயந்திரமே தனியாக பஸ் ஏறிப் போனார். போகும்முன் எனக்கு அவர் கையால் காபி வந்தது. அதையும் குடித்தேன்.

அவர் போன பிறகு கீழ்வீட்டுப் பெண் மாடிப்படியில் என்னை நிறுத்தினாள்.

"சார், அப்ப வந்தது அவரு இல்லியா?"

"இல்லம்மா."

"நெஞ்சு எரியுதுனாரு, நான் ஓமத்தண்ணி குடுத்துட்டு போயிட்டேன். அந்தக் கோவம்னு நெனச்சினு இருந்தேன்." ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே பேசினாள். "கோவமா இருந்தாலும், தெனமும் வர்றாரேனு இருந்துச்சு சார்."

குஞ்சுகளைக் கொன்றேன், செத்தவர் பெயரில் பழியைப் போட்டேன், வந்துகொண்டிருந்தவரையும் இல்லை என்று ஆக்கிவிட்டேன். அவளோ நன்றி சொன்னாள். நான் மட்டும் இல்லையென்றால் வேலை போயிருக்கும் என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் கோபப்படவே இல்லையம்மா, காக்கைகளுக்குத்தான் கோபம், அதுவும் என்மேல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த ஓமத்தண்ணீர் பாரமாவது இறங்கியிருக்கும். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை நான் வாங்கித் தந்த ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு அவள் வேலைக்குக் கிளம்பினாள். சிவப்பு ஹெல்மெட் ஆணிக்குத் திரும்பியிருந்தது. நான் மொட்டைமாடியில் நின்றேன். கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு காக்கை உட்கார்ந்து, என்னைச் சட்டை செய்யாமல் இறகு கோதிக்கொண்டிருந்தது.

கீழே ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்து நின்றது. எட்டிப் பார்த்தேன். புங்கமரத்துக்கு அடியில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கிளையில் ஏழெட்டு உட்கார்ந்திருந்தன. கொஞ்ச நேரம் காத்திருந்தாள். ஒன்றும் இறங்கி வரவில்லை.