சட்டை வழியாகத் தெரிந்த வாழைமரம்

இன்று பெங்களூரு தொம்மலூரில் ஒரு போட்டோ கடைக்குப் போனேன். மகளின் கல்யாணப் படத்தில் என் வீட்டுக்காரரையும் சேர்க்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே தவறிவிட்டார்.

அவருடைய பழைய படம் ரொம்ப வெளிச்சமாக இருந்தது.

"கலரைக் கொஞ்சம் கொறை தம்பி" என்றேன்.

கடைக்காரர் மஞ்சு, அவரைக் கல்யாணப் படத்தில் மகள் பக்கத்தில் ஒட்டி, தானே எழுதிய ப்ரோக்ராமில் கலரைப் பாதியாக்கினார். வெளிச்சம் குறைந்தது. ஆனால் என்னவரின் சட்டை வழியாகப் பின்னால் கட்டியிருந்த வாழைமரம் தெரிந்தது!

"இந்த ப்ரோக்ராம்ல, யாரோ எழுதிவச்ச ரெடிமேட் கோடு, லைப்ரரிம்பாங்க, அது ஒண்ணு சேர்த்திருக்கேன்க்கா. கலரைப் பாதியாக்குன்னா, ஆளு எவ்ளோ அழுத்தமா தெரியணுங்கிற கணக்கையும் பாதியாக்கிடுது. ஹோக்லி பிடிக்கா, போகட்டும் விடுங்க, தவறினவங்கள எல்லாரும் இப்படி லேசாத்தான் போடச் சொல்றாங்க."

"அது மேகத்துல நிக்கிறவங்களுக்குப்பா. இவரு பொண்ணு பக்கத்துல நிக்கிறாரு. முழுசா நிக்கணும்."

ஸ்டூலை விட்டு நான் எழுந்திருக்கவே இல்லை. மஞ்சு முணுமுணுத்துக்கொண்டே அந்தக் கணக்கைத் தனியாகப் பிரித்துவிட்டு, கலரை மட்டும் குறைத்தார்.

இப்போது வாழைமரத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறார் மனுஷன்.

அந்த லைப்ரரியை எழுதிய புண்ணியவான் இந்தப் பதிவைப் படித்தால் பதில் சொல்லுங்கள்: வெளிச்சத்தைக் குறைக்கச் சொன்னால் ஆளையுமா குறைப்பீர்கள்?