கம்பளி நூல்

லேபில் அப்படி என்னதான் செய்கிறாய் என்று ஜனக்புரி வீட்டில் ஒரு நாள் அம்மா கேட்டாள். நோய்க்கிருமி நம் செல்லுக்குள் நுழைய ஒருவகைப் புரதம் வேண்டும், அது உதிர்ந்துவிடாதபடி கிருமி தன் மேல்சுவரோடு அதைப் பிணைத்துக்கொள்கிறது, பிணைப்பு விட்டுப்போனால் வெளியிலேயே நிற்கவேண்டியதுதான் என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

"ஸ்கூல் போறப்ப கிளவுஸ் தொலையாம இருக்க, கம்பளி நூலால ஸ்வெட்டரோட சேர்த்துத் தைச்சியே, அது மாதிரிம்மா."

"அச்சா! நான் தைச்சதும் கிருமி பண்றதும் ஒண்ணா?" என்றவள் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

வகுப்பில் மற்ற பிள்ளைகள் அந்த நூலை இழுத்துக் கேலி செய்வார்கள். எனக்கு அது அறவே பிடிக்காது.

அம்மா போனபின் வரும் இரண்டாவது குளிர்காலம் இது. நேற்று துவாரகா மெட்ரோவில் ஒரு கிளவுஸைத் தொலைத்துவிட்டேன். மிஞ்சிய ஒன்றைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன்.