தலை வாரிவிட்டது யார்?

சென்ற வாரம் இந்தப் பத்தி வராததற்குக் காரணம் அம்மாவின் வலது தோள். சில வாரங்களுக்கு முன் மழையில் தேயிலைச் சரிவில் வழுக்கி விழுந்தார். கட்டு அவிழ்த்தாயிற்று, கைதான் மேலே எழவில்லை.

பறித்த கொழுந்தைத் தோளுக்கு மேலாக முதுகுக் கூடையில் எறிய வேண்டும். கை எழாதவருக்கு மலையில் என்ன வேலை?

சென்ற வாரம் ஹட்டனில் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிசியோதெரபிஸ்ட் இளம் பெண்.

"வலிக்குதாம்மா?"

"இல்லைங்க மிஸ். நல்லாருக்கு."

எனக்கு வியப்பில்லை. வலி என்றால் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவின் காதுக்குப் போகும், 'ஏலாத ஆள்' என்ற பெயர் வரும், பிறகு வேலை? ஆகவே எங்கள் லயத்து வரிசை வீடுகளில் காய்ச்சல்காரரும் 'சொகந்தான்' என்பார். சுகம் என்பது எங்களுக்கு உடம்பின் நிலை அன்று — வேலைக்குப் போகும் நிலை.

மிஸ் மறுபடி கேட்கவில்லை. அம்மாவின் கொண்டையைப் பார்த்தார்.

"இன்னைக்கித் தலை யாரு வாரிவிட்டா?"

"மகதான். இவ வாரினாத்தான் படியுது."

"இந்தாங்க சீப்பு. நீங்க வாருங்க, படியுதான்னு பாப்போம்."

அம்மாவின் கை காது வரை சென்று நின்றது. "இன்னைக்கிக் குளிருங்க, அதான்…"

"எனக்கேவா கதை சொல்றீங்க? நான் திம்புள்ள பக்கம் லயத்துல பொறந்தவ. எங்கம்மாவும் கொழுந்துதான் எடுத்தாங்க. இதே குளிரைத்தான் சொன்னாங்க. கை இறுகியே போச்சு… நான் படிச்சிட்டு வர்றதுக்குள்ள."

அம்மா தலை குனிந்தார். "கண்டாக்கையாவுக்குத் தெரிஞ்சா?"

"இந்த ரூமுக்குள்ள அவரு இல்லம்மா. எங்க வலிக்குதுன்னு தெரிஞ்சாத்தான் எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியும்."

ஒரு கையால் முழங்கையைத் தாங்கி, மறு கையைத் தோளில் வைத்து, மிக மெதுவாக உயர்த்தினார். நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்புக்குள் கால்விரல்கள் மடங்குவதைப் பார்த்தேன்.

"அங்க… அங்கதான் வலிக்குதுங்க."

மிஸ்ஸின் கை அந்தக் கணமே நின்றது.

"அப்பாடா! இனிதான் எனக்கு வேலை. முழுசா எழும்பும்னு இப்பவே சொல்ல மாட்டேன். செவ்வாய்க்கிழமை மறுபடி வாங்க, மறைக்காம சொல்லுங்க, பாப்போம்."

வீட்டிலும் பயிற்சி உண்டு. சுவரில் விரல்களை ஒவ்வொன்றாக மேலே நடத்த வேண்டும். லயத்துச் சுவரோ மெல்லியது; இப்பக்கம் பெருமூச்சு விட்டால் அப்பக்கம் கேட்கும். நேற்றுக் காலை அப்பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுப் பார்வதி அக்காவின் குரல்:

"என்னக்கா, சொகமா?"

அம்மாவின் விரல்கள் நின்றன.

"இல்ல புள்ள. தோளு வலிக்குது."

அப்பக்கம் காலடிகள் சுவரருகே வந்தன. பின்னர், மிகத் தாழ்வாக —

"எனக்கும் இடுப்பு… ரொம்ப நாளாக்கா."

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் மூன்று பேர் போகிறோம்.