மணி அடிக்காத திங்கட்கிழமை

சைகோனில் என் முதல் இரண்டு வருஷமும் காதில் ஹெட்போனோடுதான் போயின. தொழிற்சாலைகளுக்குக் கிடங்கு மென்பொருள் விற்கும் ஒரு சின்ன கம்பெனி. வாடிக்கையாளர்களின் புகாரைக் கேட்டுச் சரிசெய்கிற ஆள் நான். பக்கத்து மாகாணமான பின் யுவோங்கில் மர நாற்காலி செய்யும் தொழிற்சாலை ஒன்றிலிருந்து கிடங்குப் பொறுப்பாளரான ஓர் அம்மா தினமும் காலை ஏழரைக்கெல்லாம் கூப்பிட்டுவிடுவார்.

"ஆலோ! லேபிள் அடிக்க மாட்டேங்குது. லாரி நிக்குது!"

பாதி ஆங்கிலம், பாதி வியட்நாமியம், முழுக் கோபம். நான் இங்கிருந்தபடியே அவருடைய கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, சிக்கிக் கிடக்கும் லேபிள்களை அழித்து, பிரிண்டரை மறுபடி ஓடவிடுவேன். மறுநாளும் அதே கதை.

ஒருநாள் பழைய புகார்களையெல்லாம் வரிசையாகப் படித்தேன். அத்தனையும் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் வந்தவை! போகிறவரும் வருகிறவரும் ஒரே சமயத்தில் லேபிள் அனுப்ப, இரண்டும் முட்டிக்கொண்டு நின்றுவிடுகின்றன. அது புரிந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பூ மி ஹங் பகுதியில் என் வாடகை அறையில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து, சிக்கலைத் தானே கண்டுபிடித்துத் தானே விடுவிக்கும் புரோகிராம் ஒன்றை எழுதினேன்.

எங்கள் மேலாளரை எல்லோரும் 'சி' என்போம். வியட்நாமியத்தில் அக்கா என்று அர்த்தம். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"போனே வராவிட்டால் உனக்கு இங்கே என்ன வேலை?" என்றார், சிரிக்காமல்.

"சர்வர் டீமில் ஓர் இடம் காலியாக இருக்கிறதே, சி. அதை எனக்குத் தருவீர்களா?"

அவர் என் புரோகிராமை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார். "அந்தத் தொழிற்சாலையில் போட்டுப் பார். ஒரு வாரம் போகட்டும்."

திங்கட்கிழமை ஏழரை. போன் அடிக்கவில்லை. எட்டு. அடிக்கவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று பக்கத்து மேசையிலிருந்து என் எண்ணுக்கே அழைத்துப் பார்த்தேன், நன்றாக அடித்தது! ஒன்பது மணிக்கு அந்த அம்மாவே கூப்பிட்டார். அவருடைய கம்ப்யூட்டருக்குள் நுழையத் தயாராகிக்கொண்டே கேட்டேன்.

"என்ன ஆச்சு?"

"ஒன்றும் ஆகலை. லாரி போயிருச்சு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நேரே சியின் அறைக்கு ஓடினேன்.

அந்த வாரம் முழுக்க ஒரு புகாரும் இல்லை. சர்வர் டீமின் தலைவர் இரண்டு மணி நேரம் என்னைக் குடைந்தெடுத்தார். தெரியாததைத் தெரியாது என்றேன்; தெரிந்ததைப் பலகையில் எழுதிக் காட்டினேன். அடுத்த மாதம் என்னை மேல்மாடியில் இருந்த சர்வர் டீமுக்கு மாற்றினார்கள்.

அன்று மத்தியானமே காரைக்காலுக்குப் போன் போட்டேன். "அம்மா, இனிமே புகார் கேக்குற வேலை எனக்கு இல்லம்மா!"

"அய்யய்யோ, வேலைய விட்டு நிறுத்திட்டாங்களா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.