நாவலைத் தழுவியது

புது டிவி சூடேறினால் ஒரு மணம் வரும், வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வாளியைப்போல. மாமா வீட்டுக் கூடத்தில் செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் அந்த மணத்தோடு, வயலிலிருந்து நேரே வந்து உட்கார்ந்த பெண்களின் ஈரப் புடவையும் காலில் காயாத சேறும் சேர்ந்து வீசும். இன்றைக்கும் எங்காவது சேற்று வாடை அடித்தால் எனக்கு முதலில் பேய்ப்பயம் வருகிறது, அதற்குப் பிறகுதான் கோபம் வருகிறது.

மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். சிங்கப்பூரில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தவர். முத்துப்பேட்டைக்குப் போகிற சாலையோரத்து எங்கள் ஊரில் முதல் டிவி அவருடையதுதான். கரை வேட்டியைத் தவிர வேறு கட்டமாட்டார். மேடை ஏறினால், "பேயாவது பிசாசாவது, எல்லாம் நம்மள ஏமாத்த எவனோ கட்டிவுட்ட கதை" என்று முழங்குவார். மற்றப் பெரிய வீடுகளில் நடவாட்கள் வாசலோடு நின்றுவிட வேண்டிய காலத்தில், அவர் தன் கூடத்திலேயே பாய் விரித்து அவர்களை உட்காரவைத்து டீயும் கொடுத்தார். ஊர் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. நான் கொஞ்சம் கூடுதலாகவே கொண்டாடினேன்.

அந்தப் புரட்டாசியில்தான் அந்தத் தொடர் ஆரம்பித்தது. கொலை, போலீஸ், அதற்கு நடுவே ஓர் ஆவி. தொடங்கும்போது கறுப்புத் திரையில் 'நாவலைத் தழுவியது' என்று எழுத்து விழும். தழுவியது என்றால் என்ன என்று நான் கேட்டதற்கு மாமா என்னை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இதான் ஆயி தழுவுறது. கதைய இப்புடிக் கட்டிப் புடிச்சுக்குவான், ஒரு எழுத்து மாத்தமாட்டான்" என்றார். ஆயி என்பது அவர் என்னைச் செல்லமாகக் கூப்பிடுவது. அவர் அந்த நாவலை ஏற்கெனவே படித்து முடித்திருந்தார்.

கதை இதுதான். நிலத்துக்காக ஒரு நடவுப் பெண்ணைக் கொன்று, வயலின் 'சனி மூலை'யில் புதைத்துவிடுகிறார்கள். வடகிழக்கு மூலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம், முதல் நாற்று முடியை அங்கே நட்ட பிறகுதான் மற்ற இடத்தில் கை வைப்போம். கதையில் அந்த மூலையில் முதலில் இறங்குகிற பெண்ணின் கணுக்காலைச் சேற்றுக்குள்ளிருந்து ஒரு கை பிடிக்கும். பிடிபட்டவள் ஜுரம் கண்டு சாவாள். விளம்பர இடைவேளையில் மாமா அடுத்து வரப்போவதைக் குரலை இறக்கிச் சொல்லும்போது, டிவியில் பார்த்ததைவிட அதிகமாக நாங்கள் நடுங்கினோம்.

நடவுக்கு ஆள் சேர்க்கிற காசியம்மா ஒருநாள், "இது எந்த ஊருல நடந்ததுங்க?" என்று கேட்டாள். மாமா சொல்லமாட்டேன் சொல்லமாட்டேன் என்று பிகு பண்ணிவிட்டு, "எழுதுனவரு நம்ம பக்கம் வந்து கேட்டுட்டுப் போயிதான் எழுதியிருக்காரு. ஆத்தங்கரைப் பங்குன்னு வச்சுக்கயேன்" என்றார்.

ஆத்தங்கரைப் பங்கு எங்கள் அப்பா குத்தகைக்குச் சாகுபடி செய்த நிலம். கும்பகோணத்து மிராசுதார் ஒருவருக்குச் சொந்தமானது. தாத்தா செங்கொடி பிடித்து, அடிபட்டு, ஜெயிலுக்கும் போய் நிலைநிறுத்திய குத்தகை அது. சாகுபடி நடக்கிறவரை எங்களை யாரும் கிளப்ப முடியாது, தரிசு போட்டால் மட்டும் மிராசுதாருக்கு வழி திறக்கும். அந்தச் சட்டத்தை அப்பாவுக்கு உட்காரவைத்து விளக்கியவரே மாமாதான்.

அந்த வருஷம் எங்கள் நடவுக்கு ஆள் வரவில்லை. அப்பா காசியம்மா வீட்டு வாசலில் போய் நின்றார். "நாத்து முத்துது காசியம்மா." அவள் தலையைக் குனிந்துகொண்டு, "கூலிக்குப் பாக்கலீங்க. மருமவ முழுகாம இருக்கா. அந்த மூலையில யாரு மொதக் கால வைக்கிறதுன்னுதான் ஆளுக்கு ஆளு பின்வாங்குறாங்க" என்றாள். "நான் வைக்கிறேன்" என்று சொல்லி அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கொட்டுகிற மழையில் சனி மூலையில் இறங்கி முதல் முடியை நட்டாள். எதுவும் அவள் காலைப் பிடிக்கவில்லை. ஆனால் நனைந்ததில் ஜுரம் வந்துவிட்டது. மாமா ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார், தங்கையின் நெற்றியைத் தொட்டுக் கண் கலங்கினார், திரும்பிப் போகும்போது தெருவில் விசாரித்தவர்களிடமெல்லாம் "ஜுரந்தாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அப்பா கூத்தாநல்லூர்ப் பக்கம் போய் ஆள் கேட்டார், அங்கேயும் செவ்வாய்க்கிழமை டிவி பார்த்திருந்தார்கள், ஆத்தங்கரைப் பங்கு என்ற பேச்சும் போய்ச் சேர்ந்திருந்தது. நாங்கள் மூன்று பேரும் நட்டது ஒரு மூலைக்குத்தான் காணும். மிச்ச நாற்று மஞ்சளடித்து, மாட்டுக்குப் போட்டதுபோக வரப்பில் கிடந்து அழுகியது.

கார்த்திகையில் தொடரின் கடைசி வாரம் வந்தது. கூடத்தில் இடமில்லை. அப்பாகூட வந்து தூணோரம் நின்றார். செத்தவள் சேற்றிலிருந்து எழுந்து கொலைகாரனை உள்ளே இழுத்துக்கொள்வாள் என்று மாமா முன்னமே சொல்லிவைத்திருந்தார். அப்படி நடக்கவில்லை. இன்ஸ்பெக்டர் வயலுக்குள் பாய்ந்து அந்த வெள்ளைப் புடவையைப் பிடித்து இழுத்தார். உள்ளே இருந்தது ஆவியில்லை, மீசை வைத்த ஆள். நிலத்துக்காரனின் மச்சான். வயலைத் தரிசாக்கிக் கைப்பற்றத்தான் பேய் வேஷம் போட்டேன் என்று அழுதுகொண்டே ஒப்புக்கொண்டான்.

முதலில் எல்லோரும் கைகொட்டிச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குகிற நேரத்தில் காசியம்மா டிவியை விட்டுவிட்டு மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். "ஏங்க, நீங்க படிச்ச பொஸ்தவத்துல இப்புடி இல்லீங்களே?" என்றாள். மாமா, "டிவிக்காரன் மாத்திப்புட்டான். தழுவல்னு போட்டுட்டு மாத்திப்புட்டான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார், நாவலை எழுதியவரே அவர்தான் என்பதுபோல அத்தனை ஆத்திரம். எழுந்து போய் டிவியை அணைத்தார். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

அந்த வாரமே மிராசுதாரின் காரியஸ்தர் வந்தார். நிலம் தரிசு என்று பதிவாகிவிட்டது, மிராசுதார் அதை விற்றும்விட்டார் என்றார். யாருக்கு என்று அம்மா கேட்டதும் அவர் சங்கடத்தோடு, "உங்க அண்ணனுக்குத்தாம்மா. ஆடியிலயே பேசி முடிச்சதாச்சே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். ஆடியில் தொடரே தொடங்கவில்லை. ஆவிக்கு வேலை கிடைக்கும் முன்பே நிலத்துக்கு விலை பேசியாகிவிட்டது. கேஸ் போடச் சொன்னவர்களிடம் அப்பா, "யாரு மேல போடுறது? பேய் மேலயா?" என்று கேட்டுவிட்டு, திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார். நான் வயசுக்கு வந்தபோது தாய்மாமன் சீர் மேளத்தோடு வாசலுக்கு வந்தது, அம்மா கதவைத் திறக்கவில்லை. பின்னாளில் அரசாங்கம் வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்தது. அதை அம்மா பெட்டியைக்கூடப் பிரிக்காமல் பரணில் ஏற்றிவைத்தாள்.

ஒரு கதை என்னை ஏமாற்றியிருந்தால் மன்னித்திருப்பேன், கதையின் தொழிலே அதுதான். கூட இருந்தே குழி பறித்த மனுஷனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இப்போது ஆத்தங்கரைப் பங்கில் மாமாவின் கல்யாண மண்டபம் நிற்கிறது. வரப்பும் இல்லை, வாய்க்காலும் இல்லை. அந்த டிவியும் எந்தக் காயலான் கடைக்குப் போனதோ. காசியம்மாவின் பேத்தி கல்யாணத்துக்காகப் போன மாதம் அங்கே போயிருந்தேன். சாப்பாட்டுக் கூடத்தின் வடகிழக்கில், கை கழுவுகிற இடத்தில் நின்றபோது பின்னாலிருந்து "ஆயி" என்ற குரல் கேட்டது. எண்பதைத் தொட்ட மாமா, அதே கரை வேட்டியோடு, கண்ணில் நிஜமாகவே நீர் தளும்ப என்னை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். என் கைகள் ஈரத்தோடு தொங்கிக்கொண்டிருந்தன.

நான் நின்றது சனி மூலை. கணுக்காலை எந்தக் கையும் பிடிக்கவில்லை. தோளைத்தான் பிடித்திருந்தது.