நொட்டாங்கையில் மத்தாப்பு

சூலக்கரை அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். ஒரு கையால் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இன்னொரு கையால் போனைத் தள்ளிக்கொண்டிருந்தவள், "ஐயோ, நான்!" என்று கத்திவிட்டேன். பழைய தீப்பெட்டி, வெடி லேபிள் சேர்க்கிறவர்களின் வாட்சப் குழுவில் ஒருவர் கம்பி மத்தாப்பு லேபிள் ஒன்றைப் போட்டிருந்தார். பட்டுப் பாவாடை, ரெட்டைச் சடை, ஈயென்று இளிக்கிற வாய். என்னைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்?

சின்ன வயதில் எடுத்த போட்டோ என்று எனக்கு வேறொன்றும் கிடையாது. இந்த ஒன்றுக்காகத்தான் வருஷக்கணக்காக அந்தக் குழுவில் பழியாகக் கிடக்கிறேன்.

நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது நடந்தது. அம்மா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனிக்குப் புது லேபிள் அடிக்க ஒரு பிள்ளை வேண்டியிருந்தது. கேட் வரைக்கும் சோறு கொண்டுபோன நான் முதலாளி கண்ணில் பட்டேன். சிவகாசி ஸ்டூடியோவில் நிறுத்தி, பற்றவைக்காத மத்தாப்பைக் கையில் கொடுத்தார்கள். "கொளுத்துங்கண்ணே" என்று அடம்பிடித்தேன். "தீயை ஆர்ட்டிஸ்ட் வரைஞ்சுக்கிருவாரு, நீ சிரி பாப்பா" என்றார் போட்டோக்காரர். வெறும் கம்பிக்கு யாராவது அப்படி இளித்திருப்பார்களா!

லேபிள் வந்தபோது கூத்தாகிவிட்டது. அச்சகத்தில் பிலிமைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். மத்தாப்பு இடது கைக்குப் போய்விட்டது, வலது கன்னத்து மச்சம் இடது கன்னத்துக்கு. சீசன் நேரம், தலைக்கு மேல் ஆர்டர், அப்படியே ஓட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஒருத்தியும் நம்பவில்லை. "நீ என்ன நொட்டாங்கைக்காரியா? போடி பொய்க்காரி" என்றார்கள். அழுகையும் ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தன.

வீட்டுக்கு வந்தது ஒரே பெட்டி. தீபாவளிக்கு மறுநாள், வெடிக்காத வெடிகளைப் பொறுக்கி மருந்தை உதறிக் கொளுத்த, எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஒரு அட்டை தேவைப்பட்டது. நான் போய்ப் பார்ப்பதற்குள் புஸ்ஸென்று எரிந்து போயிருந்தேன். எங்கள் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகளுக்குத்தான் இப்படிப் புத்தி போகும்.

ஆனால் அம்மா மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். கம்பெனியில் அந்த லேபிளை ஒட்டுகிற வேலையே அவளுக்குத்தான். லோடு லோடாக வடக்கே போனதில் ஒன்றைக்கூட அவள் எடுத்து வைக்கவில்லை. கேட்டால், "கம்பெனிச் சாமானை வீட்டுக்குக் கொண்டாரக் கூடாது" என்பாள், அதோடு சரி. பெட்டி மேல் மகள் இருக்கிறாளே என்று ஒரு நாளாவது பூரித்துப் போனாளா என்றால், அதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளையும் இழுத்துக்கொண்டு, லேபிளைப் போட்டவரின் வீட்டுக்கு, ஆமத்தூருக்குப் பறந்தேன். "வாங்க வாங்க, காப்பி சாப்பிடுறீகளா?" என்று ஆற அமர உபசரித்தார் அவர். எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. காப்பியா முக்கியம்! ஒருவழியாக ஆல்பத்தைத் திறந்து புரட்டினார். வந்துவிட்டேன்! நிறம்கூட மங்கவில்லை. "எங்கிட்ட ரெண்டு இருக்கு, ஒண்ணை நீங்க வச்சுக்கிடுங்க" என்றாரே, அந்த மனுஷனைக் கட்டிப்பிடிக்காத குறைதான்.

அம்மா லேபிளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இப்பவாச்சும் பாக்கணும்னு தோணுச்சே" என்றேன், குத்தலாகத்தான்.

அவள் நிமிரவில்லை. "சீசன்ல நான் கெளம்பயில நீ முழிச்சிருக்க மாட்ட. திரும்பி வாரயில தூங்கிருப்ப. கம்பெனியிலதான் புள்ள, உன்னைய நாள் பூராவும் பாத்துக்கிட்டு இருந்தேன்."